மேனேஜரும் மற்ற பதினேழு பேரும் வீடு மாறிய விவரம்

மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு பத்து. மீன்கள் பதினெட்டு. பதினெட்டும் உயிரோடு.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். முக்கியமானதை மேலேயே எழுதிவிட்டேன். தொட்டியை என்னிடம் விட்டுப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "வீடு மாத்தறப்ப ஒண்ணு செத்தாலும் மிச்சத்த மீன்கடைக்காரர்கிட்ட குடுத்துடு. மேனேஜருக்கு வேற வயசாச்சு. உனக்குப் பொறுமை பத்தாது." பகலெல்லாம் கட்டைக்கு அடியில் கிடந்து இருட்டியதும் ரவுண்டு வரும் உன் கிழட்டுக் கெளுத்தி மேனேஜர் உட்பட எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று. இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தொட்டி என்னிடம்தான் இருக்கும்.

தொட்டி மாற்றுவதில் கண்ணாடி பெரிய விஷயமில்லை, ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சுதான் விஷயம். மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, அது காயக் கூடாது, குழாய்த் தண்ணீர் படக் கூடாது. ஆகவே அதைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, டப்பாவில் மூடி, யாரும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மின்விசிறியைக் கழற்றப் போனேன். திரும்பி வந்தால் பஞ்சு கொடியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது, வெள்ளை வெளேரென்று, எலுமிச்சை வாசனையோடு. இந்தக் கருமத்தையா புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாய், சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் நிறமே தெரிந்தது என்கிறாள், பாராட்டை எதிர்பார்த்து. அதில் கோடிக்கணக்கான உயிர் இருந்தது என்றேன். "அவ்ளோ இருந்துச்சா? அப்ப தேச்சது நல்லதாப் போச்சு" என்றாள்.

சரி, அதை விடு. மூட்டை முடிச்சு எல்லாவற்றிலும் அது போக வேண்டிய அறையின் பெயரை நானே எழுதி ஒட்டியிருந்தேன். மீன் இருந்த மூடி போட்ட வாளியில் மட்டும் 'மீன்' என்று எழுதினேன், அதில் என்ன குழப்பம் வரும்? புது வீட்டுக்கு வந்து பார்த்தால் வாளியைக் காணோம். வண்டியில் இல்லை, வாசலில் இல்லை, மாடிப்படியில் இல்லை. நான் கூச்சல் போட்டதாக அம்மா உன்னிடம் சொல்லக்கூடும், அது தொட்டியின் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கியவர்களுக்கு வழி சொன்னது. கடைசியில் சாமான் இறக்கிய அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். "மீனுன்னு எழுதியிருந்துச்சு தம்பி. ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன். கெட்டுப்போயிடக் கூடாதுல்ல" என்றார். நடுத்தட்டைக் கழற்றி, வாளி சாயாமல் நிறுத்தி, கதவையும் பதமாகச் சாத்தியிருந்தார். வண்டியில் வந்த ஃப்ரிட்ஜுக்குச் சில மணி நேரம் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு போட்டிருந்தவன் நான்தான். திறந்து பார்த்தேன், வெதுவெதுப்புக்கூடக் குறையவில்லை, மேனேஜர் மீசையை ஆட்டுகிறார். இதை நீ விபத்து என்பாய். நான் முன்னேற்பாடு என்கிறேன்.

பஞ்சுக்கு வழி? மாடி வீட்டில் ஒரு தொட்டி இருப்பது வாளியைத் தேடி ஓடும்போதே கண்ணில் பட்டிருந்தது. போய்க் கதவைத் தட்டி, நேரத்தை வீணாக்காமல், உங்கள் அழுக்கு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடி வந்து அரை நாள் ஆகல. எங்க வீட்ல அழுக்கு இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னது?" பாக்டீரியா, அம்மோனியா என்று வாசலில் நின்றே முழுசாக விளக்கினேன். சர்க்கரை கேட்டு வந்திருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டு, தன் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டி, கன்னங்கரேலென்று சொட்டச் சொட்டக் கொடுத்தார். இனி நம் அம்மா ஃபில்டர் பக்கமே வரக் கூடாது.

தொட்டி நிறைந்தது, ஃபில்டர் ஓடுகிறது, எல்லோரும் நீந்துகிறார்கள். அத்தானுக்கு என் வணக்கம், சின்னக் குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும், என்னைப் பற்றிக் கவலைப்படாமல்.

பின்குறிப்பு: தொட்டியை எங்கே வைத்தேன் என்று எழுதவில்லை. கூடத்தில், பின்னறைக் கதவை ஒட்டி. சுவரை அளந்தேன், ரசமட்டம் வைத்துத் தரை சமமா என்று பார்த்தேன், தரை தாங்குமா என்று கணக்குப் போட்டேன். அந்தக் கதவு கூடத்துப் பக்கமாகத் திறக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது, ஏனென்றால் மதியம் உள்ளே தூங்கப் போன அப்பா எழுந்து தட்டுகிறார். கதவு இரண்டு விரல் அகலம் திறந்து ஸ்டாண்டில் முட்டி நிற்கிறது. ஜன்னல் கம்பி வழியாக அம்மா டீ கொடுத்துவிட்டாள். நிறைந்த தொட்டியைத் தள்ளினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். அப்பா இடுக்கு வழியே சொல்கிறார், "நான் எங்கயும் போகப் போறதில்ல. மீனுக்கு எது நல்லதோ அதப் பண்ணு." ஆகவே நான் செய்யப் போவது:

1. பதினெட்டையும் மறுபடி வாளியில் இறக்குவது.
2. தண்ணீரை வடித்து, தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றுவது.
3. அப்பாவை வெளியே எடுப்பது.
4. இதில் எதையும் தொடங்குமுன் உனக்குப் போன் போடுவது. ஒரே நாளில் இரண்டாவது தடவை மேனேஜர் தாங்குவாரா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீ சொல்.