சிரிப்பு வராத காரணத்தால் அனுமதி

பல் டாக்டர்கள் பாட்டெழுதுவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அந்த ஒரே தைரியத்தில் நம் டாக்டர், பிரபலமான காதல் பாட்டுகளின் மெட்டில் நையாண்டிப் பாட்டுகள் எழுதி, தானே பாடி, ஓர் ஆல்பமே தயாரித்துவிட்டார். காதலியைப் பிரிந்த சோகம், கடைவாய்ப் பல்லைப் பிரிந்த சோகமாகியிருந்தது. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிகளுக்குப் பாடிக் காட்டினார். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

வெளியிட அனுமதி கேட்டுத் தணிக்கை அலுவலகம் போனார்.

"கிண்டலா, காப்பியா?" என்றார் அதிகாரி.

"கிண்டல்தான் சார்."

"அப்படின்னா மெட்டுப் போட்டவர் மனசு புண்படணுமே. புண்பட்டாரா?"

"அவர் இன்னும் கேக்கவே இல்லையே!"

"முதல்ல போய்ப் புண்படுத்திட்டு வாங்க."

வயதான அந்த இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பரவாயில்லை தம்பி. மெட்டெல்லாம் யாரோடது?" என்றார்.

டாக்டர் பாடிய லட்சணம் அப்படி.

விஷயம் தணிக்கைக் குழுவுக்குப் போனது. சில வாரங்களில் உத்தரவு வந்தது: 'மேற்படி பாடல்களை உறுப்பினர்கள் முழுக் கவனத்துடன் கேட்டும் எவருக்கும் சிரிப்பு வராத காரணத்தால், பொது அமைதிக்குக் குந்தகம் ஏதும் நேராது எனக் கருதி அனுமதி வழங்கப்படுகிறது. இவ்வுத்தரவை அட்டையில் அச்சிட வேண்டும்.'

"அதான் அனுமதி கிடைச்சிடுச்சே. ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சிரிப்பு வரலைன்னு எழுதியிருக்கான்டி!"

"பொய்யா எழுதியிருக்கான்?"

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்குத் தரப்பட்ட அனுமதியை ரத்து செய்யக் கோரி மேல்முறையீடு செய்தார். அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே அப்படியொரு மனு வந்ததில்லை. சாட்சியாக மனைவியையே கூட்டிப்போனார்.

"இவர் பாட்டைக் கேட்டு நீங்க சிரிச்சதுண்டா?" என்றார் குழுத் தலைவர்.

"நிறைய தடவை."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த வரிக்கு?"

"வரிக்கெல்லாம் இல்லைங்க. உருகி உருகி, கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை ஆட்டுவார் பாருங்க, அதுக்கு."

அதிகாரிகள் டாக்டரின் கழுத்தைப் பார்த்தார்கள். ஒருவர் களுக்கென்றார். அடுத்தவர் குடித்த டீ மூக்கில் ஏறியது. கடைசியில் தலைவரே மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு மூட்டும் தன்மை ஐயமற நிரூபணமானதால் ஆல்பம் தடை செய்யப்பட்டது.

அதன்பிறகு டாக்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அரசாங்கத்தையே ஆட்டிவெச்ச பாட்டாம்!" என்றது ஊர். புண்படாத இசையமைப்பாளர், தாம் ஆழமாகப் புண்பட்டதாகப் பேட்டி கொடுத்தார். ரசிகர் மன்றம் ஒன்று முளைத்தது. அதில் ஒருவரும் பாட்டைக் கேட்டதில்லை. அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசாதவரும் இல்லை.

அடுத்த வருஷம் புதிதாக வந்த அதிகாரி நல்ல மனிதர். தடையை நீக்கப் போவதாக அறிவித்தார். டாக்டர் பதறியடித்துக்கொண்டு ஓடினார். அங்கே அவருக்கு முன்னால் ரசிகர் மன்றத் தலைவர் நின்றிருந்தார்.

"தயவுசெஞ்சு நீக்கிடாதீங்க சார்," என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அப்புறம் நாங்க அதைக் கேக்க வேண்டி வரும்."