ஒன்பதாவது ஷரத்தும் ஒரு முழங்காலும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

மரியாதைக்குரிய அத்திம்பேருக்கு ஜானவியின் நமஸ்காரம். திருநெல்வேலியில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க மகாதேவர் அருள்வார். என் விஷயத்தில் மட்டும் அவர் இந்த மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

என் கோபத்தில் பாதி உங்கள் மேல்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் சீனியர் டாக்டர்களுக்குப் புது ஒப்பந்தம் வருகிறது. ராத்திரி டியூட்டி பார்த்தால் மறுநாள் ஓய்வு என்கிற ஒன்பதாவது ஷரத்து அதில் இல்லை. பழைய ஒப்பந்தம் முடிந்த கையோடு ஓய்வையும் நிறுத்திவிட்டார்கள். போன மாதம் இருபத்தெட்டு மணி நேரம் தூங்காமல் தியேட்டரில் நின்றேன். மயக்க மருந்து கொடுக்கிறவள் நான். எடுக்கக் கூடாத ஊசியை எடுத்தேன்; ஆஷா சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்திருக்காவிட்டால் ஒரு பெண் கண் விழித்திருக்க மாட்டாள். அன்றிலிருந்து என் கையை நானே நம்புவதில்லை. அந்த வேகத்தில், வங்கி யூனியன் செயலாளராக இருந்த உங்கள் பெருமையை கேன்டீனில் அளந்துவிட்டேன். "அப்படின்னா நீங்கதான் பேசணும்" என்று மற்ற டாக்டர்கள் என்னையும் எலும்பு டாக்டர் சுதீஷையும் நிர்வாகத்தோடு பேச அனுப்பிவிட்டார்கள்.

போனில் யோசனை கேட்டபோது, எதிராளியின் பலவீனத்தை முதலில் கண்டுபிடி என்றீர்கள். கண்டுபிடித்தோம். வலது முழங்கால். எச்.ஆர். மேனேஜர் மகேஷ்குமார் கை கொடுக்க எழுந்தபோது முகம் சுளித்தார், உடனே சுதீஷ் "எந்தா சாரே, முட்டுவேதனையாணோ?" என்று அவரை மீட்டிங் மேஜைமேலேயே படுக்கவைத்து, காலை மடக்கி, நீட்டி, நாற்பது நிமிஷம்! "ஒன்பதாவது ஷரத்து" என்று நான் வாயைத் திறந்தால், "ஒரு மினிட் டாக்டரே, இங்க அமுக்கினாதான் வலிக்குது" என்கிறார். இரண்டாவது மீட்டிங்குக்கு எக்ஸ்ரே வந்தது. மூன்றாவதற்கு ஆஸ்பத்திரி வக்கீல் தன் மாமியாரின் வைத்திய ஃபைலோடு வந்தார். "சுதீஷ், நாம சண்டை போட வந்திருக்கோம்" என்று காதைக் கடித்தேன். "அந்த மனுஷன் எழுந்து நிக்கணுமே சேச்சி, சண்டைக்கு" என்கிறான். சரி, நானாவது பேசுவோம் என்று மேஜையை ஓங்கித் தட்டினேனா, மகேஷ்குமார் திடுக்கிட்டு நிமிர்ந்தார், அந்தக் குட்டைக் கழுத்து கண்ணில் பட்டது, "ராத்திரி குறட்டை விடுவேளா? பல் எதாவது ஆடறதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மயக்கம் கொடுப்பதற்கு முன் கேட்டுக் கேட்டு இருபது வருஷப் பழக்கம், அத்திம்பேர், வெட்கங்கெட்ட பழக்கம்! மீட்டிங் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமோ? 'பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது. டாக்டர்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.'

எங்களை மடக்க அவர்களுக்கு வக்கீலே வேண்டாம். 'வலிக்கிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், நாளைக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். டாக்டருக்கு மட்டும் படிக்க வேண்டாம்.

கோபம் தணியாத,
ஜானவி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகேஷ்குமாரிடமிருந்து போன். நாளை காலை ஏழு மணிக்கு அவர் முழங்காலில் சுதீஷ் ஆபரேஷன் செய்கிறானாம். மயக்கம் நான்தான் கொடுக்க வேண்டுமாம், வேறு யார்மேலும் நம்பிக்கை இல்லையாம். "தாராளமா. இன்னிக்கு ராத்திரி எனக்கு டியூட்டி, முடிச்சுட்டு நேரா தியேட்டருக்கு வந்துடறேன்" என்றேன். மெதுவாக, "டாக்டரே, உறங்கண்டே? தூங்க வேண்டாமா?" என்றார். "ஷரத்தில் இல்லையே சார்." ஒரு மணி நேரத்தில், எல்லா சீனியர் டாக்டர்களுக்கும் ஒன்பதாவது ஷரத்து, சேர்மன் கையெழுத்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஆபரேஷனை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். ராஜினாமாவைக் கிழித்தாயிற்று. டியூட்டி முடிந்து நாளை சாயங்காலம் வரை தூங்குவேன்; இனி என்னைச் சமாதானப்படுத்த யாரும் போன் பண்ண வேண்டாம்.