முன்னறையில் நின்ற ஐம்பத்தொன்றாம் மாடல்

எங்கள் முன்னறையில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு இதுவரை பல வயது சொல்லியிருக்கிறேன். மாமனாரிடம் முப்பத்தொன்பதாம் வருஷம் என்றேன். போருக்கு முந்தைய சாமான் என்றால்தான் அவர் மதிப்பார். ஆபீசில் நாற்பத்தாறு. முடி வெட்டுகிறவர் கையில் கத்தி இருந்ததால், அவர் சொன்ன வருஷத்தையே ஒப்புக்கொண்டேன். மனைவியிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

"நேத்து நாப்பத்தேழுன்னீங்க. இன்னிக்கு நாப்பத்தொம்பதா? ஒரே நாள்ல ரெண்டு வயசு குறைஞ்சிடுச்சா? அந்த வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்."

"பழைய பிரிட்டிஷ் வண்டிம்மா. ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்."

"நாலு மாசமா நல்ல வெளிச்சத்துல உங்க ஆராய்ச்சி. என் தையல் மிஷின் மட்டும் ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவுல. தைச்ச பாவாடையை மோந்து பாத்துட்டு, 'இன்னிக்கு வெங்காயம் வதக்கினீங்களா?'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

அவள் தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். ஜன்னல் உள்ள அந்த முன்னறையைக் கடையாக்க வேண்டும் என்பது அவள் கனவு. அதே அறையில் வண்டியைப் பிரித்துப் பூட்டி, புதுசாக்கி, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கனவு. ஒரு பட்டறைக் கொட்டகையிலிருந்து அதை நான் மீட்டு வந்தபோது சீட்டு ஸ்பிரிங்குக்குள் கோழி முட்டை இட்டிருந்தது. பேப்பர் கிடையாது. டேங்கில் பேர் கிடையாது. முட்டை மட்டும் அன்றைக்கு இட்டது.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றாரு. அவர் முன்னாடி இது எந்த வருஷத்து வண்டி, அசல்தானான்னு சாட்சியோட காட்டுங்க. காட்டிட்டா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா வண்டி கொல்லைப்பக்கம், மிஷின் இங்க. சரியா?"

சரி என்றேன். கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அளவு நோட்டில், யாரோ ஒரு அம்மாளின் கை நீளத்துக்குக் கீழே.

ஒரு வண்டிக்குப் பிறந்த தேதி இரண்டு இடத்தில் இருக்கும். இன்ஜின் அடிவயிற்றில் ஒரு நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பக்கம் சேசிஸ் நம்பர். முதல் வாரம் முழுக்கச் சுரண்டினேன். சிவப்பு, அடியில் பச்சை, அதற்கும் அடியில் யாரோ வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிச்சமான நீலம். ஒரு வழியாக இரண்டு நம்பரும் முகம் காட்டின. இன்ஜின் மூடியில் இருந்த கம்பெனி முத்திரையை வைத்து, அடுத்த இரண்டு வாரம் நம்பர் பட்டியல் உள்ள கையேட்டைத் தேடி அலைந்தேன். வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதில் இன்ஜின் நம்பர் பட்டியல் மட்டும்தான் இருந்தது. பார்த்தேன். ஐம்பத்தொன்று!

"ஐம்பத்தொண்ணு! சந்தேகமே இல்லை!" என்று கத்தினேன்.

டீயோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, கீழ ஒரு நம்பர், மேல வேற நம்பர் இருக்கே?"

"அ... ஆமா."

"ஒரே வண்டின்னா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டுப் போட்டுட்டாங்களோ? எனக்கென்ன தெரியும்! அண்ணன் கேப்பாரேன்னு சொன்னேன்."

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் 'எனக்கென்ன தெரியும்' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது இழந்திருக்கிறேன். அது அப்போது ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை. அறை கைவிட்டுப் போகிறது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

சனிக்கிழமை லேத்துக்காரரிடம் போய், இரும்பில் எண் பொறிக்கும் நம்பர் பஞ்ச் செட்டும் சுத்தியலும் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"வாசல் கதவுல பேர் அடிக்க."

"இதுல நம்பர்தான் சார் இருக்கு."

"எங்க வீட்டுக்கு நம்பர்தான் பேர்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மனைவி நூல் வாங்கக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் அரத்தை எடுத்தேன். சேசிஸ் நம்பரை வழித்து எறிந்துவிட்டு, இன்ஜின் நம்பரையே அங்கேயும் அடித்தேன். டங், டங் என்று ஏழு அடி. கடைசி எண்ணான ஏழு மட்டும் லேசாகக் குடித்தவன் மாதிரி சாய்ந்துவிட்டது. மேலே உப்புத் தண்ணீரைத் தடவினேன். சாயங்காலத்துக்குள் துரு பூத்து, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த நம்பர் மாதிரி முழித்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். பத்திர ஆபீசில் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் உத்தியோகம். மோட்டார் சைக்கிளில் அவருக்குத் தெரிந்தது இரண்டு சக்கரம் மட்டும். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கீழ் நம்பரை ஒருமுறை, மேல் நம்பரை ஒருமுறை விரல் வைத்துப் படித்தார்.

"பொருந்துது மாப்பிள்ளை."

நான் முன்னறைச் சுவரில் கருவிகள் மாட்ட ஆணி எங்கே அடிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

"ஒரு நிமிஷம்ணா," என்றாள் மனைவி.

உள்ளே போய் இரண்டு காகிதம் கொண்டுவந்தாள். ஒன்று, அவள் துணிக்கு மாதிரி எடுக்கும் மெல்லிய காகிதம். அதை நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறாள். நான் வழித்து எறிந்த பழைய சேசிஸ் நம்பர் அதில் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று ஒரு மெயில். பிரிட்டனில் இந்த வண்டிக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். பழைய பேரேட்டைப் பார்த்து வயது சொல்வதற்கென்றே அதில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். மச்சான் அவளிடம் வரிக்கு வரி அர்த்தம் கேட்டு உரக்கச் சொன்னார்.

"இந்தக் கம்பெனி இன்ஜினுக்கும் சேசிசுக்கும் ஒருநாளும் ஒரே நம்பர் அடிச்சதில்லையாம். ரெண்டுக்கும் தனித்தனி வரிசையாம். நீங்க அனுப்பின ரெண்டு நம்பரும் பேரேட்டுல ஒரே வரியில இருக்காம். வருஷம் ஐம்பத்தொண்ணு, வண்டி அசலாம். ரெண்டு இடத்திலயும் ஒரே நம்பர் இருந்தா அது போலியாம்."

நான் மெயிலின் தேதியைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முந்தையது.

மச்சான் மறுபடி வண்டியின் கழுத்தருகே குனிந்தார். "மாப்பிள்ளை, இந்த ஏழு ஏன் சாஞ்சிருக்கு?"

நான் அவரை விட்டு அவளைப் பார்த்தேன். "அசல்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணுமேன்னு கேட்டே?"

"கேட்டேன். அடிங்கன்னா சொன்னேன்?"

"மச்சான், நீங்களே சொல்லுங்க. வண்டி அசலா, இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். "இந்த ஏழு சாயற வரைக்கும் அசல், மாப்பிள்ளை."

அவரே பின்னாலிருந்து தள்ள, நானே ஹேண்டில்பாரைப் பிடித்து, ஐம்பத்தொன்றாம் மாடலைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பி வருவதற்குள் தையல் மிஷின் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டபடி பஞ்ச் செட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன்.

"சுத்தியலைக் கொடுத்துடாதீங்க," என்றாள் மிஷினிலிருந்து கண் எடுக்காமல். "ஆறு நம்பர் நேராத்தான் அடிச்சிருக்கீங்க. நாளைக்கு நாப்பது சட்டைக்குப் பிரஸ் பட்டன் அடிக்கணும்."