மீசையும் கல்வெட்டும்

சிவபாதத்தாரின் மீசைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தடியில் தனி மரியாதை இருந்தது. உட்துறைமுக வீதியில் வழி கேட்கிறவர்களுக்குக்கூட "மீசைக்காரற்ர சவுண்ட்ஸுக்குப் பக்கத்தில" என்றுதான் சொல்வார்கள். கலியாணத்துக்கு முந்தியே வளர்ந்து, கலியாணத்துக்குப் பிறகும் அவர் சொன்னபடி கேட்டு நின்ற ஒரே சாமான் அந்த மீசைதான். அப்பேர்ப்பட்ட மீசையை மனுசன் ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில், இருந்த சனம் எல்லாம் பார்க்க, பணயம் வைத்தார்.

காரணம் இரண்டு பேஸ் பொக்ஸ்.

கோயில் திருவிழா, கலியாணம், சாமத்திய வீடு, செத்த வீடு என்று ஊரின் நல்லது கெட்டதுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவது அவருடைய தொழில். அந்த இரண்டு பொக்ஸையும் தன் கையால் அடித்துச் செய்தவர். பலகை, மீன்பிடிக்கிற அவருடைய கூட்டாளி கனகசுந்தரத்தின் பழைய வள்ளத்தைக் கழற்றி எடுத்தது. உப்புத் தண்ணியில் ஊறின பலகைக்கு வேறு சத்தம் வரும் என்பது சிவபாதத்தாரின் கொள்கை. வரவும் செய்தது. தவில் அடித்தால் கேட்கிறவனின் நெஞ்சுக்குள் அடிக்கும். ஒரு திருவிழாவில் பொக்ஸுக்கு நேரே கட்டியிருந்த வாழைக்குலை அதிர்ச்சியில் விழுந்தது என்று பெருமையாகச் சொல்வார். குலையைக் கட்டினதும் அவர்தான் என்று அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி அமைதியாகச் சொல்வாள்.

அந்தப் பொக்ஸைக் கேட்டு ஒரு நாள் கனகசுந்தரத்தின் மகன் லதீசன் வந்தான். கூட அவனுடைய கூட்டாளி இஹ்ஸான், கழுத்தில் பெரிய ஹெட்போனோடு.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொக்ஸ் ரெண்டும் வேணும்."

"ஆற்ற வீட்டில விசேசம்?"

"வீடில்லை மாமா. மூடிக் கிடக்கிற ஐஸ் பக்டரி. எங்கட ராப். அண்டர்கிரவுண்ட்."

சிவபாதத்தாருக்கு அண்டர்கிரவுண்ட் என்றால் தலைமறைவு இயக்கம்தான். அவருடைய இளமைக் காலத்தில் அந்தச் சொல்லுக்கும் பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பியவை, அந்தச் சொல்லை ரோட்டில நிண்டு சொல்லாதேங்கோ."

"பயப்பிடாதேங்கோ அங்கிள்," என்றான் இஹ்ஸான். "நோட்டீஸ் ஒட்டமாட்டம். ரேடியோவிலயும் வராது. இடத்தைக் கடைசி நேரத்தில போனில அனுப்புவம். தாளத்தை நாங்களே செய்வம். எங்கட கதையை நாங்களே சொல்லுவம். அவ்வளவுதான்."

"பாட்டா?"

"பாட்டுத்தான். ஆனா பாடமாட்டம். கதைப்பம்."

"கதைக்கிறதுக்கு என்னத்துக்கு என்ர பொக்ஸ்? வாய் காணாதே?"

பெடியள் போனதும் நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனார். அங்கே கனகசுந்தரம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மகனில் இருந்த கோபத்தைத் தகப்பனில் தீர்ப்பதென்று சிவபாதத்தார் எழும்பி நின்று, மீசையைத் தடவி, சத்தியம் செய்தார்.

"கேட்டுக்கொள்ளுங்கோ. தேவாரமும் நாதஸ்வரமும் போன பொக்ஸ். அதில இவங்கட ராப் ஒரு நாளைக்குப் போச்சுதெண்டால் நான் மீசையை வழிக்கிறன். இந்தச் சந்தியில, இந்தக் கதிரையில இருந்து வழிக்கிறன்."

கனகசுந்தரம் தேத்தண்ணியை ஊதினார். "வழிக்கத்தான் போறாய் மச்சான். அது என்ர பலகையெல்லே. என்ர பெடியன்ர பக்கம்தான் நிக்கும்."

"பலகை உன்ர. வயர் என்ர."

"பாப்பம். உன்ர பொக்ஸில அவன்ர சத்தத்தைக் கேக்காமல் நான் சாகமாட்டன்."

கேட்காமலே செத்துப்போனார்.

மாரி தொடங்குகிற காலம். வள்ளத்தைக் கரைக்கு இழுத்து ஏற்றிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு மணலில் இருந்த மனுசன் எழும்பவில்லை. செத்த வீட்டுக்குச் சிவபாதத்தார்தான் ஒலிபெருக்கி கட்டினார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரின் மரண அறிவித்தலைக் குரல் நடுங்காமல் சொன்னவர். அன்றைக்கு மைக்கைப் பிடித்து, "கனகசுந்தரம்" என்ற பெயருக்கு மேலே போக முடியாமல் நின்றார். இரத்தினேஸ்வரி வந்து மைக்கை வாங்கி மிச்சத்தைச் சொன்னாள். அந்த நாளுக்குப் பிறகு அவர் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போகவில்லை. எதிர்க் கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி நெருங்கியது. ஒரு காலையில் குசினிக்குள் இருந்து இரத்தினேஸ்வரி கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ. லதீசன் போன் எடுத்தவன். அந்தியேட்டிக்குப் பொக்ஸ் ரெண்டும் வேணுமாம்."

"அதுக்குக் கேக்க வேணுமே. நானே கொண்டுபோவன்."

"சாப்பாட்டுக்கு முதல் கல்வெட்டு வாசிக்கினமாம்."

"வாசிக்கத்தானே வேணும்."

"மகன்தான் வாசிக்கிறானாம்."

"அதுதான் முறை. பெத்தவருக்குப் பிள்ளை வாசிக்க வேணும்."

"கொஞ்சம் தாளத்தோட வாசிப்பானாம்."

"கல்வெட்டுக்குத் தாளம் இருக்கத்தானே வேணும். வாத்திமார் செய்யுளில எழுதிறது பின்ன என்னத்துக்கு?"

"ஓம். அதைத்தான் நானும் அவனுக்குச் சொன்னனான்," என்று இரத்தினேஸ்வரி தேங்காயைத் துருவினாள். அவளுடைய காதில் போன் வயர் தொங்கியது. தலை மெல்ல மெல்ல ஆடியது. பக்திப் பாட்டாக்கும் என்று சிவபாதத்தார் நினைத்துக்கொண்டார்.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுகிறதல்ல. செத்தவரின் படத்தைப் போட்டு, அவருடைய குலம், குணம், பிறந்தது, புகழ் எல்லாவற்றையும் செய்யுளாக்கி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரிசையாக அச்சடித்து, அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். கையில் கொடுத்தால் மட்டும் போதாது. சபையில் வாசிக்கவும் வேண்டும்.

திருக்கடலூரில் கனகசுந்தரத்தின் வீட்டுப் பந்தலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கடற்கரையில் கிரியை முடிந்து, படத்துக்கு மாலை போட்டாயிற்று. சிவபாதத்தார் பொக்ஸ் இரண்டையும் படத்துக்கு இரு பக்கமும் வைத்தார். கூட்டாளி தன் வள்ளத்துக்கு நடுவில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கையில் வந்த கல்வெட்டைத் திறந்தார்.

"கழனி உழுத கரத்தான், கதிர்மணி குவித்த களத்தான்" என்று தொடங்கியது.

அவர் இரண்டாம் தரம் வாசித்தார். சபையிலும் மெல்லிய சலசலப்பு. எழுதிய வாத்தியார் போன கிழமை தம்பலகாமத்தில் ஒரு கமக்காரருக்கு எழுதியிருந்தார். அதில் பெயரை மாற்றினவர் தொழிலை மாற்ற மறந்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் இருந்து கனகசுந்தரத்தின் மனைவி புஷ்பவதி தளர்ந்த குரலில் கேட்டாள்.

"என்ர மனுசன் எங்க வயல் செய்தவர்?"

லதீசன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பினான்.

"அம்மா, மக்கள் புலம்பலை நான் வேற மாதிரி வாசிக்கிறன்."

இஹ்ஸான் ஒரு போனைக் கொண்டுவந்து சிவபாதத்தாரிடம் நீட்டினான். "தாளம் இதுக்குள்ள இருக்கு அங்கிள்." மிக்சரில் வேறு கை படுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே தன் கையாலேயே வயரைக் குத்தினார். தன் கையாலேயே போட்டார்.

பொக்ஸ் இரண்டும் உறுமின. பந்தல் தறப்பாள் நடுங்கியது. தாளம் என்றால் கைத்தாளமாக்கும் என்று நினைத்திருந்த சிவபாதத்தாருக்கு விசயம் விளங்கியது. மூக்குக்குக் கீழே மீசை துடித்தது. கை சுவிட்சுக்குப் போனது.

போன கை பாதியில் நின்றது.

டக் டக் டக். பிறகு ஒரு தடக்கல். டக் டக் டக். பிறகும் அதே தடக்கல். அந்தத் தடக்கலை அவருக்குத் தெரியும். கனகசுந்தரத்தின் வள்ளத்து எஞ்சின். "அதைத் திருத்தடா" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "அது என்ர நடை மச்சான், விடு" என்று அவர் சிரிப்பார். தகப்பனின் எஞ்சினைப் பெடியள் போனில் பிடித்துத் தாளமாக்கியிருந்தார்கள். அந்த எஞ்சின் இப்போது அவருடைய பழைய வள்ளத்துப் பலகைக்குள்ளே இருந்து ஓடியது.

லதீசன் பாடவில்லை. கதைத்தான்.

"வயல் எண்டு அடிச்சுப் போட்டினம் அப்பா,
நீ வரம்பைக் கண்டது பஸ்ஸுக்குள்ள இருந்து.
விடியமுன்னம் போவாய், செருப்பைக் கரையில விடுவாய்,
திரும்பி வந்து போடுவாய், மணலைத் தட்டி.
செருப்பு நிக்குது அப்பா.
இண்டைக்கும் அங்கதான் நிக்குது.
ஆரும் எடுக்கேல்லை. ஆருக்கும் அளவில்லை."

எஞ்சின் சத்தம் கொஞ்சம் மெலிவாக வருவது சிவபாதத்தாருக்கு மட்டும் தெரிந்தது. கடலில் அது இப்படி ஓடாது. இன்னும் அடியில் இருந்து வர வேண்டும். கை தானாகப் போய்ப் பேஸைக் கூட்டியது. இப்போது சரியாக ஓடியது. கண்ணீர் இறங்கி மீசையில் தங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. படத்தில் கனகசுந்தரம் தேத்தண்ணிக் கடையில் சிரிக்கிற சிரிப்பையே சிரித்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது புஷ்பவதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொருக்கால் போடுங்கோ அண்ணை."

அவர் இன்னொருக்கால் போட்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் அழுகை அடங்கி, பயம் வந்தது. தேத்தண்ணிக் கடையில் சத்தியம் கேட்ட அத்தனை பேரும் அந்தப் பந்தலிலும் இருந்தார்கள். அதில் ஒருவர் போகும்போது தன் மேலுதட்டை மட்டும் ஒரு விரலால் தடவிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

"சவரக் கத்தி மேசை லாச்சிக்குள்ள இருக்கு," என்றாள் இரத்தினேஸ்வரி. கதிரையில் சாய்ந்து இருந்தாள். மடியில் போன் கிடந்தது.

"என்னத்துக்கு?"

"சும்மா சொன்னனான்."

"இஞ்சாரும், அது ராப் இல்லை."

"அப்ப என்ன?"

"கல்வெட்டு. நீர்தானே சொன்னனீர், கல்வெட்டு வாசிப்பெண்டு."

"ஓம், நான்தான் சொன்னனான். ஆனா தாளம் கிடந்ததே?"

"கல்வெட்டுக்குத் தாளம் இருக்கும்."

"பெடியன் பாடினவனே?"

"பாடேல்லை. வாசிச்சவன்."

"நாளைக்குச் சந்தியில கேட்டால் என்ன சொல்லுவியள்?"

இதற்குச் சரியான பதில் சொன்னால் மீசை தப்பும். சிவபாதத்தார் நிமிர்ந்தார். முழு அறிவையும் ஒன்றுதிரட்டி, சபையில் பேசுகிற குரலில் சொன்னார். "ஒரு ஆள் மனதில உள்ளதை ஒளிக்காமல், சொந்த வாயால, தாளத்தோட சபையில சொன்னால் அது கல்வெட்டு. ஆர் சொன்னாலும் கல்வெட்டுத்தான். எங்க சொன்னாலும் கல்வெட்டுத்தான். அதுக்கு என்ர பொக்ஸ் எப்பவும் போகும்."

"நல்லாக் கேக்கேல்லை. இன்னொருக்கால் சொல்லுங்கோ."

இன்னும் உரத்துச் சொன்னார்.

இரத்தினேஸ்வரி மடியில் கிடந்த போனைத் தூக்கினாள். "கேட்டனியே தம்பி?"

"கேட்டனாங்கள் மாமி," என்றது போனுக்குள் லதீசனின் குரல். "மாமாவுக்கு நன்றி சொல்லுங்கோ. அப்ப ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பக்டரியில எங்கட கல்வெட்டு. பொக்ஸோட வரச் சொல்லுங்கோ."

சிவபாதத்தார் கண்ணாடியைப் பார்த்தார். லாச்சியைப் பார்த்தார். ஐஸ் பக்டரியில் நடப்பது ராப் என்றால், பந்தலில் நடந்ததும் ராப். பந்தலில் நடந்தது கல்வெட்டு என்றால், ஐஸ் பக்டரியில் நடப்பதும் கல்வெட்டு. எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் வீட்டுக்காரி அந்தப் பக்கத்தில் முதலே கதிரை போட்டு இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொக்ஸ் இரண்டும் ஐஸ் பக்டரிக்குப் போயின. உடைந்த கூரையால் வெயில் விழுந்தது. தமிழ்ப் பெடியள், முஸ்லிம் பெடியள், சந்தைப் பக்கத்துச் சிங்களப் பெடியள், நாலைந்து பெட்டையள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். ஒருவர் மாறி ஒருவர் நடுவுக்கு வந்து கதைப்பதுதான் அங்கே முறையாம். சிவபாதத்தார் வயர் குத்தி, மைக் சரிபார்த்து, மீசையைத் தடவிக்கொண்டு மிக்சருக்குப் பின்னால் கம்பீரமாக நின்றார். இரத்தினேஸ்வரி ஒரு பழைய மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் இருந்தாள்.

லதீசன் நடுவுக்கு வந்தான். "முதலாவது கல்வெட்டு எங்கட மாமாவுக்கு."

"தம்பி, நான் உயிரோடதானே நிக்கிறன்."

"உங்களுக்கில்லை மாமா. மீசைக்கு."

இஹ்ஸான் தாளத்தைப் போட்டான். லதீசன் வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டு தொடங்கினான்.

"கலியாணத்துக்கு முந்தியே வளந்தது,
கலியாணத்துக்குப் பிறகும் மனுசன்ர சொல் கேட்டது,
அந்த வீட்டில சொல் கேட்ட ஒரே சாமான் அதுதான்..."

ஐஸ் பக்டரி சிரிப்பில் அதிர்ந்தது. அந்த வரியைச் சிவபாதத்தார் தன் வீட்டுக் குசினிக்கு வெளியே ஒரு இடத்திலும் கேட்டதில்லை. மெல்லத் திரும்பி மீன் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

இரத்தினேஸ்வரியின் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. "பேஸ் காணாது," என்றாள். "கொஞ்சம் கூட்டுங்கோ."

சிவபாதத்தார் கூட்டினார்.