அக்கா நிச்சயத்தில் நான் எடுத்த டி செல் வகுப்பு

நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால், அவருக்கு வேண்டியது ஒரு வரிப் பதில்தான். இந்த உண்மை எனக்கு இருபத்தாறு வயதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா அழுதிருக்க மாட்டாள்.

அப்போது நான் கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவன். நம் உடம்புக்குக் காவல் காக்கும் டி செல்களைப் பற்றி ஆராய்ச்சி. (காவலைப் பற்றிக்கூட இல்லை, அந்தக் காவல்காரனின் பிரேக்கைப் பற்றி.) வீட்டில் யாராவது உப்பு கேட்டால்கூட ஒரு டி செல் உதாரணத்தோடு எடுத்துக் கொடுக்கும் அளவுக்குப் பைத்தியம் முற்றியிருந்தது.

அன்று டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் அக்கா மாலதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சரவணன் அவளோடு வேலை செய்பவர். நான்கு வருடக் காதல். நான்கு வருடமும் சம்மதிக்காமல் இருந்தவர் அவரை வளர்த்த அத்தை சரோஜா. அந்த அம்மாள் ஒருவழியாக மனமிரங்கி, பட்டுப்புடவையும் தட்டுகளுமாக எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றிவிட்டால் அக்காவுக்கு விடிவுகாலம். ஆனால் ராகு காலம் முடியக் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தை என்னிடம் கொடுத்தார்கள், பாவிகள்.

"தம்பி என்னா படிக்கிறீங்க?" என்றார் சரவணனின் சித்தப்பா.

"சயன்ஸ்தாங்க" என்று அம்மா அவசரமாக முந்திக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"ஈசியா சொல்றேன் அங்கிள்" என்று எழுந்தேன். (உட்கார்ந்தாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.) "சரவணன் மச்சான்தான் டி செல்னு வச்சுக்குங்க. அக்காவப் பாத்தாரு, துள்ளுனாரு. அதுதான் ஆக்டிவேஷன். உடனே செல்லுக்குள்ள ஒவ்வொரு புரோட்டீன் மேலயும் பாஸ்பேட்னு ஒரு சீட்டு ஒட்டுவாங்க. சீட்டு ஒட்ட ஒட்ட நியூஸ் உள்ள போய்க்கிட்டே இருக்கும். செல்லு சண்டைக்குக் கெளம்பிடும்."

அக்காவை நான் கிருமியாக்கிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, அக்காவைத் தவிர.

"அப்ப யாரு நிப்பாட்றது?" சித்தப்பாவுக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது.

"அதுக்குத்தான் செல்லு மேல பிரேக் மாதிரி ஒரு கை இருக்கு. நம்ம ஒடம்பு செல்லு வந்து, 'நான் ஒன் சொந்தம்டா, அடிக்காத'ன்னு அந்தக் கையப் புடிச்சிக்கும். புடிச்சதும் உள்ள ஒரு என்சைம் வந்து ஒட்டுன சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுடும். செல்லு அடங்கிடும். இதோ, அத்தை மச்சான் கையப் புடிச்சிருக்காங்கல்ல, அது மாதிரி."

அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஆமா லா! நான் புடிக்கலன்னா இவன் எப்பவோ கெட்டுப் போயிருப்பான்."

ஹாலே சிரித்தது. அக்கா கண்ணாலேயே 'உட்காருடா' என்றாள். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்த பிறகு நான் எங்கே உட்காருவது?

"ஆனா இந்தக் கேன்சர் செல்லு இருக்கே, கில்லாடி. அதுவும் சிரிச்சிக்கிட்டே வந்து அதே கையத்தான் புடிக்கும். டி செல்லு பாவம், சொந்தம்னு நெனச்சி சும்மா இருந்துடும்."

சித்தப்பா மெல்லத் திரும்பி அத்தையின் கையைப் பார்த்தார். "அப்ப புடிச்சிருக்கிறது சொந்தமா கேன்சரான்னு எப்படித் தெரியும்?"

மூளையுள்ள மனிதன் இந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருப்பான். நான் விஞ்ஞானி அல்லவா, ஆதாரம் இல்லாமல் பேசலாமா?

"கைய மட்டும் பாத்தா வித்தியாசமே தெரியாது அங்கிள். டெஸ்ட் எடுத்துத்தான் பாக்கணும்."

அத்தை கையை விலக்கிக்கொண்டு எழுந்தார். "தட்ட எடுங்க, கெளம்பலாம். நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல என்னைய கேன்சர்ங்கறான்."

சரவணன் மச்சான் "அத்தை, அத்தை" என்று அவரும் எழுந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. அக்காதான் அழுதுகொண்டே எழுந்து வந்தாள்.

"நாலு வருஷம் ஒங்க சம்மதத்துக்குத்தான் காத்திருந்தேன் அத்தை. இவன் எனக்குத் தம்பியா பொறந்தது என் தப்பா? சொல்லுங்க, இப்பவே வெளிய அனுப்பிடறேன்."

அத்தை மறுபடி உட்கார்ந்தார்.

"வெளிய அனுப்ப வேணாம்மா. தாலி கட்ற வரைக்கும் எங்க ஆளுங்க முன்னால இவன் வாயத் தொறக்கக் கூடாது. சரின்னா தட்டு மாத்தலாம்."

"சரி அத்தை, ஆனா அது வெறும் உதாரணம்..." என்று தொடங்கினேன். அம்மா என் வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தாள். தட்டு மாறியது.

மூன்று மாதம் கழித்துக் கல்யாணம். வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கும்பிட்டேன், தலையாட்டினேன், மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. மாப்பிள்ளை வீட்டு உறவான ஈப்போ ஊர் மாமா ஒருவர், "தம்பி ஏன் பேசவே மாட்றாரு?" என்று அம்மாவைக் கேட்டாராம். அம்மா பெருமூச்சு விட்டு, "அத ஏங்க கேக்குறீங்க" என்றிருக்கிறாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவி, சட்டைப் பையில் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை வைத்தார். தாலி ஏறிய பிறகு அவரிடம் போய் எந்த முகத்தோடு பேசுவது?

இன்றைக்கு நான் வகுப்பில் மணிக்கணக்கில் தொண்டை கிழியக் கத்துகிறவன். ஆனால் ஈப்போ மாமாவுக்கு நான் வாய் பேச முடியாத பிள்ளைதான். போன தீபாவளிக்கு அக்காவோடு லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போனபோது, கூட்டத்தில் என்னைப் பிடித்துவிட்டார். கையாலேயே 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டார். நானும் கையாலேயே 'ஆச்சு' என்றேன். பக்கத்தில் நின்ற தன் நண்பரிடம் பெருமையாகச் சொன்னார்:

"நம்ம சரவணனோட மச்சினன். டாக்டர் பட்டம் வாங்கிட்டாரு லா! வாயிருந்தா இந்த அளவுக்குப் படிச்சிருப்பாரா?"

அக்கா ஒரு புடவைக் கடைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.