அழாத பிள்ளைக்கு ஒரு வீடு

"இந்த மாசத்துக்குள்ள தனி வீடு. இல்லைன்னா நான் ஜேசுதாசன் இல்லை."

இப்படி ஒரு சபதத்தை ஜேசுதாசன் போட்டபோது கேட்டுக்கொண்டிருந்தது அவனுடைய ஏழு மாதக் குழந்தை மட்டும்தான். அதுவும் கால் பெருவிரலைச் சப்புவதில் மும்முரமாக இருந்தது.

மனுஷனுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? பெண்டாட்டி ரோசம்மாள் பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாசம் என்றார்கள். ஜேசுதாசனும் அதே ஊரில் நூல் மில் ஆபீசில்தான் கிளார்க். "மாப்பிள்ளை எதுக்கு ஓட்டல்ல தின்னு வயித்தைக் கெடுக்கணும்?" என்று கூப்பிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு வந்தான். மூன்று மாசம் எப்போதோ முடிந்துவிட்டது. பெட்டி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

மாமனார் வேதசிரோமணி உபதேசியார். விடியற்காலை நாலு மணிக்குக் கைமணி அடிப்பார். வீடே எழுந்து உட்கார்ந்து ஜெபம் பண்ண வேண்டும். பண்ணட்டும், அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் வீட்டு நடப்பையெல்லாம் ஆண்டவரிடம் ஒப்பிப்பார். "இந்த வீட்டில் ஒருவர் நேற்று ரெண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போனார், ஆண்டவரே. பேர் நான் சொல்ல வேண்டியதில்லை." வீட்டில் ஆம்பிளை மொத்தம் மூணு பேர். ஒருத்தர் ஜெபம் பண்ணுகிறார். ஒருத்தன் தொட்டிலில் கிடக்கிறான். பிறகு பேர் எதற்கு?

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துல எங்க ஆபீசு சமுத்திரம் ஒரு வீடு பாத்து வச்சிருக்கான். போயிருவோம்" என்றான் ரோசம்மாளிடம்.

"மில்லு இங்க இருக்கு. வீடு அங்க எதுக்கு?"

"பஸ்ல வாரேன்."

"கரி பஸ்லயா? ஜெர்மன் சண்டை முடியுத வரைக்கும் பெட்ரோலே கெடையாதாம். எட்டு மைலுக்கு நாலு தடவை நின்னு புகைய விடும். நீங்க வந்து சேரையில மில்லுல சங்கு ஊதி எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாவ."

"அது என் பாடு."

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா எங்கம்மா ஓடி வரணும்லா? இங்கனயே ரெண்டு தெரு தள்ளிப் பாருங்க."

கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆனது. ராஜபாளையத்தில் வீடு கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர். பிறகு பேச்சு மாறக் கூடாது.

ஜேசுதாசன் மூளை அன்றைக்குத்தான் வேலை செய்தது. கிடைக்காமல் பண்ணிவிட்டால்?

ரோசம்மாள் ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டைப் பார்க்கப் போகிறாளோ, அந்த வீட்டுக்கு அவன் சனிக்கிழமையே போனான். "எங்கிட்டப் பொய் கெடையாதுங்க. எங்க பிள்ளை ராத்திரி அழும்" என்று முதல் வீட்டில் ஆரம்பித்தான். வீட்டுக்கார ராஜு வகுப்பு அம்மாள், "வத்து பாபு, வத்து" என்று வேண்டாமெனத் தெலுங்கிலேயே கையை ஆட்டிவிட்டார். இரண்டாம் வீட்டில், "அழுதா தெருவே எந்திரிச்சிரும்" என்றான். மூன்றாம் வீடு தங்கபாய் என்ற அம்மாளுடையது. வாசலில் பசு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"எங்க பிள்ளை சத்தியநேசன் அழுத அழுகையில பக்கத்து வீட்டு மாடு பாலை அடக்கிட்டுதுங்க."

"வேண்டாம் தம்பி. எனக்குப் பிள்ளைகுட்டி கெடையாது. இந்த மாடுதான் எல்லாம்" என்று தங்கபாய் கதவைச் சாத்தினாள்.

உள்ளபடிக்கு அந்தப் பிள்ளை அழாது. பசித்தால்கூட முனகும், அவ்வளவுதான். தாத்தா அதற்குச் சத்தியநேசன் என்று பேர் வைத்திருந்தார். தகப்பனோ ஊர் பூராவும் அதன் பேரில் பொய் நேசனாகத் திரிந்தான்.

மூன்று வீட்டிலும் இல்லையென்று ஆயிற்று. மறுநாள் ரோசம்மாள் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேன்" என்று போனவள் பொழுது சாயத்தான் வந்தாள். "சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டையே பாப்போம்" என்றாள்.

ஜேசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. கரி பஸ் நாலு தடவை நின்றது. நாலு தடவையும் சிரித்துக்கொண்டே இறங்கி ஏறினான்.

மடவார் வளாகத்து வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை பேரு என்ன?"

"சத்தியநேசன்."

அவர் ரெண்டடி பின்னால் போனார். "ராஜபாளையத்து மில் கிளார்க் நீர்தானா? மாட்டுப் பாலை அடக்குத பிள்ளை? தங்கபாய் என் கூடப் பிறந்த அக்கா. எல்லாம் அன்னைக்கே சொல்லி விட்டா."

"ஐயோ, அது பொய்யுங்க."

"சொன்னது யாரு?"

"நான்தான்."

"எதுக்குச் சொன்னீர்?"

ஜேசுதாசன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவளை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? ரோசம்மாள்தான் தலையைக் குனிந்துகொண்டு பதவிசாகப் பேசினாள்.

"அவியளைக் குத்தம் சொல்லாதீங்க ஐயா. வெக்கத்துல சொல்லிட்டாவ. ராத்திரி சத்தம் போடுதது அவிய கொறட்டை. வெளிய தெரிஞ்சா கேவலம்னு பிள்ளை தலையில போட்டுட்டாவ."

"நான் கொறட்டையே விடுததில்லை" என்றான் ஜேசுதாசன்.

"தூங்குதவனுக்கு எப்படி வே தெரியும்? பிள்ளைன்னா ஒரு வருசத்துல அழுகையை நிப்பாட்டிரும். நீர் எப்ப நிப்பாட்டுவீர்?" என்று சுயம்புலிங்கம் கதவைத் தாழ் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஏட்டி, நான் எப்ப கொறட்டை விட்டேன்?"

"எம்பிள்ளை எப்ப ஊரை எழுப்புச்சு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெருத்தெருவாப் போயி எம்பிள்ளையை அசிங்கப்படுத்தியிருக்கீய. தங்கபாய் அக்கா சொல்லக் கேட்டு எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பெத்த தகப்பன் செய்யுத காரியமா இது?" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். பிறகு, "அவிய வீடுதான் நமக்கு. முடிச்சிட்டேன். நேத்துப் பொழுது பூரா பிள்ளையை அவிய மடியிலயே போட்டிருந்தேன். மூச்சு விடலை. மாடும் எப்பவும் போலக் கறந்துச்சு" என்றாள்.

போகட்டும், தங்கபாய் வீடும் வீடுதானே. ரெண்டு தெரு தள்ளி மணிச்சத்தம் வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஜேசுதாசனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றாள் ரோசம்மாள். "உங்க கொறட்டைச் சங்கதியை அவியகிட்டயும் சொல்லிட்டேன். மாடு மிரளுமாம். அதனால நீங்க சாப்பிட்டுட்டு, படுக்க மட்டும் எங்கப்பா வீட்டுக்குப் போயிரணும்."

ஒண்ணாம் தேதி தங்கபாய் வீட்டில் பால் காய்ச்சினார்கள். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு மாமனார் வீட்டில் கைமணி அடித்தது. ஜேசுதாசன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, எங்கள் பேரனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். அவன் தகப்பனை எங்களுக்கே விட்டுவைத்தீர், அதையும் சகித்துக்கொள்கிறோம்."