சிறுகுறிஞ்சானும் என் நாக்கும்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

என் இரத்தச் சர்க்கரையைத் தவிர இங்கு மற்ற அனைத்தும் அளவோடு இருக்கின்றன. அங்கும் அத்தானுக்கு எல்லாம் அளவோடு இருக்கும் என நம்புகிறேன்.

தாங்கள் சிறுகுறிஞ்சான் இலைகள் அனுப்புவதை உடனே நிறுத்தக் கோரியே இக்கடிதம். இலைமீது எனக்குப் புகார் இல்லை. அதிலுள்ள பொருள்கள் சர்க்கரையைக் குறைக்க ஓரளவு உதவக்கூடும் என்று மருத்துவரே சொன்னார். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை. சென்ற திங்களன்று முதன்முதலாக ஓர் இலையை மென்று, சாறு வீணாகாமல் கன்னத்தில் அடக்கியபடியே வேலைக்குச் சென்றேன். அந்த இலை இரத்தத்துக்குப் போகுமுன் நாக்கைப் பிடித்து, இனிப்பே தெரியாமல் செய்துவிடும் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. அதனால் பிறருக்கு நட்டமில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்த்து ஒப்புதல் அளிக்கும் உங்கள் தம்பிக்கு உண்டு.

பிஸ்கட்டை வாயிலிட்டேன். மண். "சர்க்கரை போடவில்லையா?" என்றேன். "போட்டாச்சு சார்" என்றார் மாவு மேஸ்திரி. ருசி சரியில்லாமல் ஒரு பெட்டியும் வெளியேறக் கூடாது என்பது விதி. ஆகவே இன்னும் போடச் சொன்னேன். மறுபடி சுட்டார்கள், மறுபடி தின்றேன், மறுபடி மண். "சார், எனக்குப் பல்லு கூசுது. நாக்கை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று அவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, எனக்கு ரோஷம் வந்து, இன்னும் கொட்டச் சொல்லி, ஒப்புதலும் கொடுத்து, வண்டியும் கிளம்பிவிட்டது. மதியத்துக்கு மேல் நாக்கு திரும்பி வந்தது. மிச்சமிருந்த ஒன்றைக் கடித்தேன். காது வரை இனித்தது!

வீட்டில் சோதித்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. நாக்குக்குத் தெரியாமல் தின்றதெல்லாம் இரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது. "எல்லாரும் சர்க்கரையைக் குறைக்க இலை திம்பாங்க. நீங்க ஊருக்கே ஏத்திவிட்டுட்டு வந்திருக்கீங்க!" என்கிறாள் உங்கள் தம்பி மனைவி.

நாளை முதலாளி அழைத்திருக்கிறார். வேலை போயிடும் போலிருக்கு அக்கா. இந்த வயசுல நாக்கை விட்டா எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?

எனவே இனி ஓர் இலைகூட வேண்டாம். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு இனிப்பில்லாத ஆசிகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் முதலாளியைப் பார்த்துவிட்டேன். கடைகளில் ஒரு பெட்டிகூட மிச்சமில்லையாம். "இனிமே இதே இனிப்புதான். அந்தப் பக்குவம் உங்க நாக்குக்கு மட்டும்தான் தெரியும், தினமும் நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று கைகுலுக்கினார். வெறும் நாக்கோடு அதை விழுங்க என்னால் இயலாது. ஆகவே மேற்கண்ட கோரிக்கையை ரத்து செய்கிறேன். இலையை மூட்டையாக அனுப்பவும். மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதையும் கூடவே எழுதி அனுப்பவும்.